கனிசியஸ் மூப்பர் நேரம் தவறி அடித்த மணி

கனிசியஸ் மூப்பருடைய செபத்தில் ஒரு பின்வாசல் உண்டு. எதைக் கேட்டாலும், கேட்டு முடித்த கையோடு, "ஆனாலும் ஆண்டவரே, உமது சித்தப்படி ஆகட்டும்" என்று அந்த வாசலைத் திறந்து வைத்துவிடுவார். கேட்டது கிடைக்காவிட்டால் கடவுளும் சங்கடமில்லாமல் அந்த வழியாகப் போகலாம், மூப்பரும் வெட்கமில்லாமல் போகலாம். கொழும்புத்துறைக் கரைக்கோயிலில் இருபத்தாறு வருஷமாகச் செபம் சொல்பவர், ஞானோபதேசம் படிப்பிப்பவர், மணி அடிப்பவர் எல்லாம் அவர்தான். பக்குவமான மனுஷன் என்று ஊரில் பெயர்.

அந்தப் பக்குவம் சும்மா வந்ததல்ல. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு மார்கழியில், அவருடைய தம்பி வின்சன்ற் பனிப்புகாருக்குள் வள்ளத்தோடு போனவன் திரும்பவில்லை. அப்போது கனிசியசுக்கு இருபத்திரண்டு வயது. பின்வாசல் ஒன்றும் வைக்காமல், கோயில் தரையில் குப்புறக் கிடந்து ஒன்பது நாள் கேட்டார். பத்தாம் நாள் தம்பி பிணமாகக் கரை ஒதுங்கினான். எந்தக் கோலத்தில் ஒதுங்கினான் என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கடவுளிடம் எதையும் இறுக்கிப் பிடித்துக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கோபித்துக்கொண்டு விலகவும் இல்லை. அது பாவம்; அந்த அளவுக்கு அவர் துணிந்தவரும் அல்ல.

இந்தப் பின்வாசலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தி போன வருஷம் அவருடைய வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள். கரவெட்டியில் ஒரு சைவத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண், தாரிகா. நண்டு வாங்கும் வாடியில் நிறுவை எழுதுகிற வேலையில் இருந்தவள். நண்டு கொடுக்கப் போன மூப்பரின் ஒரே மகன் பிரவீணன், தேவையில்லாத நாட்களிலும் நண்டு கொடுக்கப் போகத் தொடங்கினான். இரண்டு பக்கத்திலும் ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள், பிறகு திரும்பினார்கள். கலியாணத்துக்கு முன்னால் ஆறு மாதம் மூப்பரே அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்.

"தகப்பனிட்டைப் பிள்ளை கேக்கிற மாதிரி ஆண்டவரிட்டைக் கேக்கவேணும்" என்று, இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ராகத்தில் ஒருநாள் சொன்னார்.

"உண்மையாவே கேப்பாரோ, மாமா?"

"ஓம் பிள்ளை."

அவ்வளவுதான். அவள் நம்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு எதை நம்பவேண்டும், எதைத் தலையாட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குசினிக்குள் நின்றுகொண்டு, "ஆண்டவரே, உடுப்புக் காயுமட்டும் மழையைப் பிடிச்சுவையும்" என்று சத்தமாகக் கேட்பாள். காணாமல்போன கோழியைக் கேட்பாள். கிடைத்தால், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கியதுபோல ஒரு நன்றி. கிடைக்காவிட்டால், அடுத்த நாள் வேறொன்று. விறாந்தையில் இருந்து இதைக் கேட்கும் மூப்பருக்குச் சிரிப்பும் வரும், கடவுளுக்காகக் கொஞ்சம் கூச்சமும் வரும். போகப்போகப் பக்குவம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று காலை ஆறு மணிக்குத் திரிகால மணியை அடித்துவிட்டு, மணிக்கூண்டின் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார் மூப்பர். மணிக்கூண்டு கோயில் முற்றத்தில் கடலைப் பார்த்துத் தனியே நிற்கும். அன்றைக்குக் கடல் எங்கே என்று தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள் தாரிகா.

"மாமா, மணியை அடியுங்கோ."

"இப்பதானே பிள்ளை அடிச்சனான்."

"திரும்ப அடியுங்கோ. விடாமல் அடியுங்கோ. அவர் வந்து சேருமட்டும் அடியுங்கோ."

கையில் தொலைபேசியைப் பிடித்தபடியே சொல்லிமுடித்தாள். விடியமுன் கடலுக்குப் போன பிரவீணன் வள்ளத்திலிருந்து அழைத்திருக்கிறான். எஞ்சின் நின்றுவிட்டது. வலை கட்டிய தடியொன்றில் மோதி வள்ளத்தில் வெடிப்பு, தண்ணீர் ஏறுகிறது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தால் போகவில்லை.

மூப்பர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். கொழும்புத்துறைக் கடலேரி பெரும்பாலும் இடுப்பளவுதான், இறங்கி நடக்கலாம். ஆனால் நடுவில் ஆழமான ஓட்டம் ஒன்று இருக்கிறது. வற்றும் நேரத்தில் அதற்குள் அகப்பட்டால் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். வின்சன்றை அதுதான் கொண்டுபோனது.

"மீன்பிடிச் சங்கத்து ஆக்களுக்குச் சொன்னனியோ?"

"சொன்னன். ஒம்பது மணிக்குப் புகார் கலையுமாம். அதுக்குப் பிறகு வள்ளம் இறக்குவினமாம். இப்ப இறங்கினால் போறவையையும் தேடவேண்டி வருமாம்."

அது சரியான பேச்சுத்தான். மூப்பரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கோயில் மணியோ, அதற்கென்று ஒழுங்கு உள்ள மணி. காலை, மதியம், மாலை மும்மூன்றாக. பூசைக்குத் தொடர்ந்து. யாராவது இறந்தால் ஒரு அடி. ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிமுடிக்கிற அளவு இடைவெளி. பிறகு அடுத்த அடி. இதைத் தவிர வேறெதற்கும் அந்தக் கயிறு அசைந்ததில்லை. ஊர்ப் பெடியள் உதைபந்தாட்டக் கிண்ணம் வென்றுவந்த நாளில் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிரவீணன் எட்டு வயதில் விளையாட்டாகக் கயிற்றை ஒருமுறை இழுத்ததற்கு வாங்கிய பூவரசங் கம்பு அடி ஊருக்கே தெரியும்.

"பாதரும் தியானத்துக்கு மன்னாருக்குப் போட்டார், பிள்ளை. அவரைக் கேக்காமல்..."

"நீங்கள்தானே மாமா சொல்லித் தந்தனீங்கள், பிள்ளை கேக்கிற மாதிரிக் கேக்கச் சொல்லி. நான் கேட்டிட்டன். கரை எந்தப் பக்கம் எண்டு அவருக்குக் காட்டும் எண்டு கேட்டிட்டன். கேட்டிட்டு நிமிர்ந்தன். உங்கடை மணி கேட்டுது."

அவளுடைய முகத்தில் கண்ணீர் இருந்தது, சந்தேகம் மட்டும் இல்லை. மூப்பருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பத்தாம் நாள் இவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தார். 'ஆண்டவரே, உமது சித்தப்படி' என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தார்.

நேரமில்லாத நேரத்தில் மணி கேட்டால் ஊர் வேறென்ன நினைக்கும்? கால்மணித்தியாலத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. முன்வீட்டு ஷெரோன், இறந்தது யாரென்று கேட்காமலே அழுதுகொண்டு வந்து சேர்ந்தாள். ஒருவர் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டே வந்துவிட்டார். "மூப்பர், ஆர் மோசம் போனது?" என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். மூப்பர் மணியை நிறுத்தவில்லை. தாரிகாதான் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள்.

"மாமா, கரையிலை நிண்டாலே மணி சரியாக் கேக்கேல்லை. பாட்டுத்தான் கேக்குது."

உண்மைதான். மார்கழிப் பூசைக் காலம். மூன்று தெரு தள்ளியிருக்கும் பிள்ளையார் கோயிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ஊரிலும், அதற்கு அடுத்த ஊரிலும், கடலேரியைச் சுற்றி எல்லாக் கோயில்களிலும் அந்த நேரத்தில் அதே பாட்டுத்தான். புகாருக்குள் நிற்கிறவனுக்கு நாலு திசையும் பாடினால் கரை எந்தத் திசை?

சனத்துக்கு நடுவில் பிள்ளையார் கோயில் தலைவர் தியாகலிங்கமும் நின்றார். திருநீறு பூசிப் பூசைக்குப் புறப்பட்ட மனுஷன், மணி கேட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். ஒலிபெருக்கியின் சத்தம் கூட, மணியின் சத்தம் கூட என்று இந்த இரண்டு கோயில்களுக்கும் இடையில் பல வருஷமாக ஒரு பழைய முறுகல். பொலிஸ் வரைக்கும் ஒருமுறை போனது. தியாகலிங்கம் தாரிகாவைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார்.

"ஐயா, பாட்டை நிப்பாட்டுங்கோ... ஓம், பூசை முடியேல்லை எண்டு எனக்கும் தெரியும். நிப்பாட்டுங்கோ. பிள்ளையாருக்கு நான் மறுமொழி சொல்லுறன்."

பிறகு அடுத்த ஊர்த் தலைவருக்கு எடுத்தார். அவர் தனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு எடுத்தார்.

முதலில் பக்கத்துப் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அப்பால் இருந்தது. பிறகு இன்னும் தூரத்தில், காதில் விழுந்துகொண்டிருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்த ஒன்று. தெருவில் வந்த முச்சக்கரவண்டிக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். அரைக்கும் ஆலை நின்றது. ஷெரோன் அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். மூப்பர் தன் அறுபத்துநாலு வயதில் கொழும்புத்துறை அப்படிப் பேச்சடங்கி இருந்ததைக் கண்டதில்லை. சண்டைக் காலத்தில் ஊரே பயந்து அடங்கிக் கிடந்ததுண்டு. இது பயத்தில் வந்த அமைதி அல்ல. ஒரு ஊர் முழுக்க, கும்பிடுகிற சாமி வேறாக இருந்தவர்களும், ஒருவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வெள்ளைக்குள் மணி மட்டும் போனது. ஒவ்வொரு அடியும் தண்ணீரின் மேல் போய்க்கொண்டே இருப்பது மூப்பருக்குக் கேட்டது.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கரையில் சத்தம் எழுந்தது. வள்ளம்!

மூப்பரின் கை கயிற்றோடு நின்றுவிட்டது. ஓடிப்போன தாரிகாவின் குரல் கேட்டது. "அவர் இல்லை மாமா! வேற ஆக்கள்! ரெண்டு பேர்! விடியப்புறம் துவக்கம் சுத்திக்கொண்டு நிண்டவையாம்! மணி கேட்டு வந்தவையாம்! அடியுங்கோ!"

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். சுத்தமான சந்தோஷம். தன் புருஷன் வராத வள்ளத்துக்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று மூப்பர் திகைத்தார். பிறகு இன்னொரு வள்ளம். மண்டைதீவுப் பக்கத்து ஆள் ஒருவர், குளிரில் நடுங்கிக்கொண்டு. தாரிகா கைதட்டிச் சிரித்து அழுதாள். மூன்றாவது வள்ளம். நாலாவது. யாரும் தேடாதவர்கள், யாரும் செபத்தில் நினைக்காதவர்கள், காணாமல்போனதே யாருக்கும் தெரியாதவர்கள், ஒருவர் பின் ஒருவராக அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கரையில் நின்றவர்களில் சிலர் சிலுவை போட்டார்கள், சிலர் தலைக்குமேல் கை குவித்தார்கள்.

ஒவ்வொரு வள்ளத்துக்கும் தாரிகாவின் நம்பிக்கை கூடிக்கொண்டு போனது. மூப்பருடையது குறைந்துகொண்டு போனது. நாலு வந்துவிட்டது, இனி வருவதாக இருந்தால் அவன் முதலே வந்திருப்பான். மணி எட்டரை. தண்ணீர் ஏறும் வள்ளம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கடல்தொழில் செய்தவனுக்குத் தெரியாதா? அவர் மனதுக்குள் மெல்லமெல்லப் பின்வாசலைத் திறக்கத் தொடங்கினார். சித்தப்படி ஆகட்டும். சித்தப்படி ஆகட்டும். கை களைத்தது. தோள்மூட்டு எரிந்தது. ஒரு அடி அடித்து, மூச்சு வாங்கி, பிறகு அடுத்த அடி.

முற்றத்தில் நின்ற சனம் ஒரேயடியாகத் திரும்பி அவரைப் பார்த்தது. ஷெரோன் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "ஐயோ" என்றாள்.

"மாமா!" தாரிகா ஓடிவந்தாள். "உதென்ன அடி அடிக்கிறியள்? உது சாவுமணி!"

அப்போதுதான் மூப்பருக்கே தன் மணி கேட்டது. ஒரு அடி, ஒரு அருள்நிறை மந்திரத்தின் இடைவெளி, ஒரு அடி. தன் மகனுக்கு, அவன் சாகுமுன்னே, தானே துக்கமணி அடித்துக்கொண்டிருந்தார். களைத்தது கை அல்ல. அவருக்கு அது தெரிந்தது. நாற்பத்திரண்டு வருஷமாகப் பக்குவம் என்று ஊர் சொன்னதும் தான் நம்பியதும் இதுதானா? கேட்டுத் தோற்றுப்போன ஒருவனுடைய பயம். அந்தப் பயத்துக்கு அவரே உடுத்திவிட்ட நல்ல சட்டை.

தாரிகா கம்பிக் கதவுக்குள் வந்து, அவருடைய கைகளுக்கு மேலே கயிற்றைப் பிடித்தாள். அந்தக் கயிற்றை ஒரு பெண் தொட்டதில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. "இழுங்கோ மாமா" என்றாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மணி பூசை நாளில் அடிப்பதுபோல விடாமல் அடிக்கத் தொடங்கியது.

இழுத்துக்கொண்டே மூப்பர் கேட்டார். செபத்தின் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. 'எனக்கு அவன் வேணும். என்ரை பிள்ளையைத் தாரும். எனக்கு அவன் வேணும்.' ஞானோபதேசப் பிள்ளைகளில் ஒன்று இப்படிக் கேட்டிருந்தால், மரியாதையாகக் கேள் என்று திருத்தியிருப்பார். அதற்குப் பின்னால் எந்த வாசலும் இல்லை. கேட்டது கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று தெரியாத கேள்வி அது. உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குள் யாரோ மிகக் கிட்ட நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. வின்சன்றுக்காகக் குப்புறக் கிடந்த நாட்களிலும் இப்படித்தான் இருந்தது. அதை அவர் மறந்தே போயிருந்தார்.

கரையில் பெரிய கூச்சல் எழுந்தது. தாரிகா கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். மூப்பர் போகவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தனியே இழுத்துக்கொண்டே இருந்தார். கூச்சல் கிட்ட வந்தது. பிறகு, வந்த வழியெல்லாம் அது அடங்கியது. தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். கம்பிக் கதவுக்கு வெளியே பிரவீணன் நின்றான். நெஞ்சு வரை சேறு, உள்ளங்கை இரண்டும் கிழிந்து இரத்தம். தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெண்சாதியை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. பேயைக் கண்டவன் மாதிரித் தகப்பனையே பார்த்தான்.

"அப்பா... நீங்கள் உயிரோடையோ?"

மூப்பருக்கு விளங்கவில்லை.

"நேரமில்லாத நேரத்திலை மணி கேட்டது" என்றான் பிரவீணன். பல் நடுங்கியது. "அந்தப் பக்கம்தான் கரை எண்டு மரக்கோலை ஊண்டி ஊண்டி வந்தன். தண்ணி ஏறி வள்ளம் பாரம், ஓட்டமும் இழுக்குது. கடைசியிலை ஏலாமல் போட்டுது. கோலைப் போட்டிட்டு இருந்திட்டன், அப்பா. இனிப் போதும் எண்டு இருந்திட்டன். அப்பத்தான் துக்கமணி கேட்டது."

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தான்.

"நீங்கள் இருக்கிற வரைக்கும் உந்தக் கயிற்றிலை ஒருத்தரும் நேரம் தப்பிக் கை வைக்கேலாது. அப்ப மணி அடிக்கிறது வேற ஆரோ. அப்பா மோசம் போட்டார் எண்டு நினைச்சன். உடனை எழும்பிட்டன். எப்பிடி எழும்பினன் எண்டு தெரியேல்லை. திரும்பக் கோலை ஊண்டி ஓட்டத்தை விட்டு வெளியிலை வந்தாப்பிறகுதான் வள்ளம் மூழ்கினது. கால் நிலத்திலை பட்டுது. நடந்து வந்தன். செத்த ஆளைத் திருப்பிக் கேக்கிறது விசர் வேலை எண்டு தெரியும். எண்டாலும் கேட்டன். அப்பாவைத் தாரும், அப்பாவைத் தாரும் எண்டு கரை வருமட்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தனான்."

மூப்பர் மகனுடைய முகத்தைத் தடவிப் பார்த்தார். ஈரமாக, குளிராக, அவனுடைய முகமாகவே இருந்தது. தான் இங்கே நின்று அவனைக் கேட்ட அதே நேரத்தில், ஒருவன் நெஞ்சளவு தண்ணீருக்குள் நடந்துகொண்டு தன்னைக் கேட்டிருக்கிறான். தான் நம்பிக்கை விட்டு அடித்த அடிதான் அவனை எழுப்பியிருக்கிறது. வின்சன்றைப் பற்றிய கேள்விக்கு இன்றைக்கும் பதில் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியோடு இனி முன்வாசலால் போய் நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"தம்பி" என்றார். "கேட்டு முடிய, உமது சித்தப்படி ஆகட்டும் எண்டு சொன்னனியோ?"

பிரவீணன் பதறிப்போனான். எட்டு வயதில் பூவரசங் கம்புக்கு முன்னால் நின்ற அதே முகம்.

"இல்லை அப்பா. அது நினைவு வரேல்லை."

"எனக்கும்தான்" என்றார் மூப்பர். சொல்லிவிட்டு அந்த ஈர மண்ணிலேயே இருந்துகொண்டு வாய்விட்டு அழுதார்.

புகார் இன்னும் கலையவில்லை. தாரிகா புருஷனை ஷெரோனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"ஆரும் இன்னும் வெளியிலை நிக்கலாம்" என்றாள்.

"அடி பிள்ளை" என்றார் மூப்பர்.